பரிசோதனையில் தேறிய 47ஆம் நாள்

அப்பாவின் மோட்டார் சைக்கிள் விழுந்த இரவு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மார்ச் மாசம்தானே பாஸ் ஆச்சு?”

சென்ற ஆண்டு மே 15, வியாழக்கிழமை. துவாசில் வேலை முடிந்து உட்லண்ட்சுக்குத் திரும்பிய அப்பா, எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்துக்குள் திரும்பும்போது பின்பக்க பிரேக்கை மிதித்திருக்கிறார். ‘கரக்’ என்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுழலாமல் அப்படியே இறுகிவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் இடப்பக்கம் சாய்ந்தது. மெதுவாக வந்ததால் முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் வீக்கம், இரண்டு நாள் மருத்துவ விடுப்பு என்பதோடு போயிற்று. அரை மணி நேரத்துக்கு முன்பு அவர் விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அம்மாவின் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பரிசோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ‘2பி’ உரிமம் எடுத்துச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. பல்கலைக்கழகத்துக்குப் போய்வர இந்த வண்டியைத்தான் நான் எடுத்துக்கொள்வதாக வீட்டில் பேச்சு. ஆகவே அந்தத் தாளை நம்பியவர்களில் நானும் ஒருத்தி.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2005இல் பதிவான, 125சிசி கப்சாய். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த வகை வண்டிக்கு அறிமுகம் தேவையில்லை. 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் தான் இந்தக் குடும்பத்தின் பாட்டன். அந்தக் ‘கப்’புடன் ‘சிறியது’ என்று பொருள்படும் கன்டனீஸ் சொல் ஒட்டிக்கொண்டு கப்சாய் ஆயிற்று. எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். கிளட்ச் பிடி கிடையாது. சூப்பர் கப் மட்டும் 2017க்குள் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. எந்தத் தெருமுனைக் கடையிலும் பழுதுபார்த்துவிடலாம் என்பதுதான் இவற்றின் பெருமை. எங்கள் வண்டி வேறு நிறுவனத்துடையதா, அதே நிறுவனத்துடையதா என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை. பழுதான பாகம் தயாரிப்பாளர் போட்டதும் இல்லை. இருபது ஆண்டுகளில் எத்தனையோ முறை மாற்றப்பட்டு, கடைசியாக எப்போது, எங்கே மாற்றினோம் என்று அப்பாவே மறந்துவிட்ட பாகம் அது.

அன்று நிலையத்தில் நடந்தது

சிங்கப்பூரில் மூன்று ஆண்டுகளைத் தாண்டிய ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். தேறினால்தான் சாலை வரியைப் புதுப்பிக்க முடியும். மார்ச் 22ஆம் தேதி சனிக்கிழமை காலையில் நாங்கள் போனோம். கூட்டம் அதிகம். எஞ்சினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் வரிசையில் தள்ளிக்கொண்டே நின்றோம்.

எங்கள் முறை வந்தபோது எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. பரிசோதகர் பதிவெண்ணையும் சட்ட எண்ணையும் பார்த்தார். விளக்குகள், ஹாரன், டயர், செயின் என்று கண்ணை ஓட்டினார். முன்சக்கரத்தைத் தரையில் பதித்த உருளைகள்மீது ஏற்றினார். உருளை சக்கரத்தைச் சுழற்ற, அவர் பிரேக்கைப் பிடிக்க, எவ்வளவு விசையில் பிரேக் சக்கரத்தை எதிர்க்கிறது என்பதை இயந்திரம் அளந்தது. பின்சக்கரத்துக்கும் அப்படியே. பிறகு முகப்பு விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று ஒரு பெட்டி பார்த்தது. கடைசியாக, வண்டி நின்ற நிலையில் உறுமிக்கொண்டிருக்க, புகைக்குழாயில் ஒரு குழல் செருகப்பட்டது.

தேறவில்லை. பிரேக் சரி, விளக்கு சரி. புகையில்தான் கார்பன் மோனாக்சைடு கூடுதல்.

அப்பாவுக்கு மெக்கானிக் என்றால் இருபது ஆண்டுகளாக ஒரே ஆள்தான். சீனர். இருவரும் பேசிக்கொள்வது பாதி மலாய், பாதி ஆங்கிலம். அந்த அங்கிள் தாளைப் பார்த்துச் சிரித்தார். காற்று வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மறுபக்கம் எதுவும் தெரியவில்லை. அதை மாற்றினார். கார்புரேட்டரில் ஒரு சிறிய திருகை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். அடுத்த வாரம் போகும்போது நேராகப் போகாமல் விரைவுச்சாலையில் ஒரு சுற்று ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே வரிசைக்குப் போகச் சொன்னார். நின்றுகொண்டிருக்கும்போது அணைக்கக் கூடாது என்பதும் அவருடைய கட்டளை.

மார்ச் 29ஆம் தேதி தேறியது. ஆனால் அதன் பிறகு காலையில் வண்டி எளிதில் உயிர்பெறவில்லை; இரண்டு மூன்று தடவை உதைக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அப்பா, அங்கிளிடம் போய் அந்தத் திருகைக் கொஞ்சம் பழையபடி திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இதை எழுதும்போது எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘டென் இயர் சீரிஸ்’ புத்தகத்தை மட்டும் போட்டுத் தேர்வு எழுதியவர்கள் யாரும் அப்பாவைக் குறைசொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

புகை விஷயத்தில் பரிசோதனை செய்தது தவறா? அப்படிச் சொல்ல முடியாது. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின், குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் எரியாத எச்சத்தை அதிகம் வெளியே தள்ளும். வடிகட்டி அடைத்திருந்தால் காற்றுக் குறைந்து, கார்பன் மோனாக்சைடு கூடும். அந்த நிமிடத்தில் எங்கள் புகை உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வண்டி, அதே வடிகட்டியோடு, இருபது நிமிடம் ஓடிய பிறகு போயிருந்தால் ஒருவேளை தேறியிருக்கும். அங்கிள் மூன்று வேலைகளை ஒரே சமயத்தில் செய்துவிட்டதால் எது காப்பாற்றியது என்று இனிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

டிரம்மைத் திறந்தபோது

விழுந்ததற்கு மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கிளிடம் போனது நான்தான். அவர் பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார்.

இந்த வகை வண்டிகளில் முன்னால் தட்டு பிரேக், பின்னால் டிரம் பிரேக் இருப்பது வழக்கம். டிரம் என்பது சக்கரத்தின் நடுவே உள்ள மூடிய கிண்ணம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு உலோகத் துண்டுகள். அவைதான் பிரேக் ஷூ. மிதியை அழுத்தினால் அவை விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை உரசும். உலோகம் நேரடியாக உரசக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஷூவின்மேலும் ‘லைனிங்’ என்ற உராய்வுப் பட்டையைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். எங்கள் வண்டியில் ஒரு ஷூவின் பட்டை அப்படியே உரிந்து, உடைந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே ஆப்பு அடித்தாற்போல் சிக்கியிருந்தது. அதனால்தான் சக்கரம் இறுகியது.

அங்கிள் அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். பட்டை தேயவில்லை. நல்ல கனம் இருந்தது. பசைதான் போயிருந்தது. பழசு, மழை, சூடு என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

நான் அங்கேயே நின்று யோசித்தேன். மார்ச் 29ஆம் தேதி உருளை இயந்திரம் என்ன பார்த்திருக்கும்? பட்டை பாதி விட்டுப்போயிருந்தாலும் அது இருந்த இடத்தில்தான் இருந்தது, உரசியது, விசை கிடைத்தது. அளவு சரி. வெளியே டிரம்மின்மேல் ஒரு சிறிய அம்புக்குறி உண்டு. ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும். பட்டை தேயவே இல்லையே, அம்பும் சரியாகத்தான் காட்டியிருக்கும். டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது ஆண்டுப் பரிசோதனையில் இல்லை. கழற்றுவதென்றால் ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் ஆகும். அந்தச் சனிக்கிழமை வரிசை மறுநாள்தான் முடிந்திருக்கும்.

ஆக, அந்தப் பரிசோதகர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். இயந்திரம் சரியாக அளந்தது. தாள் சொன்னது உண்மை. அப்பா விழுந்ததும் உண்மை.

பிஸ்கட் டின்னில் 18 தாள்கள்

அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார். மணிக்கட்டில் கட்டோடு வீட்டில் இருந்த இரண்டு நாளில், பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொடுத்தார். அதில் 2008 தொடங்கி ஒவ்வோர் ஆண்டின் பரிசோதனைத் தாளும் இருந்தது. மொத்தம் 18 ஆண்டுகள். தேறாத தாளையும் மறுபரிசோதனைத் தாளையும் ஊசி குத்தி ஒன்றாக வைத்திருந்தார்.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஒரு பாடம். தரையில் எல்லாவற்றையும் பரப்பினேன். இரண்டு ஆண்டுகளின் தாள்களில் எழுத்து மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. மீதி 16 ஆண்டுகளில், முதல் முறையே தேறியவை 12. தேறாத நான்கில் மூன்று புகை, ஒன்று முகப்பு விளக்கு. பிரேக்குக்காக ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

“அதான் பிரேக்கைப் பத்தி நான் நினைக்கவே இல்லை” என்றார் அப்பா.

இதுதான் என்னை உறுத்தியது. பதினெட்டு ஆண்டுகள் அந்தத் தாள் அவருக்கு ‘பிரேக் நல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனவே பதினெட்டு ஆண்டுகளில் அவர் அக்கறை முழுவதும் தாள் குறைசொன்ன இடத்துக்கே போயிற்று. மார்ச் மாதம் நெருங்கினால் எங்கள் வீட்டில் புகையைப் பற்றிப் பேச்சு நடக்கும். டிரம்மைப் பற்றி யாரும் பேசியதில்லை.

வகுப்பில் இரண்டு சொற்களை முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்: நம்பகத்தன்மை, ஏற்புடைமை. அப்போது தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. தமிழ் வாய்மொழித் தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியாக உங்களைக் கேட்டு ஒரே மதிப்பெண் கொடுத்தால், அந்தத் தேர்வு நம்பகமானது. ஆனால் அந்த மதிப்பெண், நீங்கள் பாட்டியிடம் தொலைபேசியில் தமிழில் பேசுவீர்களா என்பதைச் சொல்கிறதா? அது ஏற்புடைமை. இரண்டும் வேறு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போகலாம்.

எங்கள் வண்டியின் பிரேக் சோதனை, எனக்குத் தெரிந்தவரை, மிக நம்பகமானது. அதே நாளில் பத்து முறை உருளையில் ஏற்றியிருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வந்திருக்கும். ஆனால் ‘இந்த பிரேக் இன்று பிடிக்கிறதா’ என்ற கேள்விக்குத்தான் அந்த எண் பதில். ‘மே மாதமும் பிடிக்குமா’ என்று அம்மா கேட்டது வேறு கேள்வி. புகைச் சோதனை இதற்கு நேர்மாறு. அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறது. ஆனால் எஞ்சின் சூடா, குளிரா என்பதைப் பொறுத்து விடை ஆடுகிறது.

‘அப்படியானால் பரிசோதனையே வீண்’ என்று என் தம்பி சொன்னான். அவனுக்காக ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் கற்பனை; கணக்கு மட்டும் உண்மை.

ஆயிரம் பழைய வண்டிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 100 வண்டிகளில் உண்மையிலேயே ஆபத்தான குறை இருக்கிறது. பரிசோதனை அந்த 100இல் 80ஐப் பிடிக்கிறது, 20ஐத் தவறவிடுகிறது. குறையில்லாத 900 வண்டிகளில் ஐந்து விழுக்காட்டை, அதாவது 45 வண்டிகளை, தவறாகத் திருப்பி அனுப்புகிறது. இப்போது தேறியவை எத்தனை? 20உம் 855உம் சேர்ந்து 875. அவற்றில் குறையுள்ளவை 20, அதாவது நூற்றுக்கு இரண்டு சொச்சம். வரிசையில் நிற்கும்போது நூற்றுக்குப் பத்தாக இருந்த ஆபத்து, வெளியே வரும்போது நூற்றுக்கு இரண்டாகிவிட்டது. இது வீணா? இல்லவே இல்லை. அந்த 80 வண்டிகளில் ஒன்றின் பின்னிருக்கையில் உங்கள் அண்ணன் உட்கார்ந்திருக்கலாம்.

அதே கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தேறாத 125 வண்டிகளில் 45 நல்ல வண்டிகள். மூன்றில் ஒன்றுக்கும் மேல். பரிசோதனையில் தோற்றவர்கள் எல்லாரும் ‘மெஷின் சரியில்லை’ என்று புலம்புவதும், சில சமயம் அது உண்மையாகவே இருப்பதும் இதனால்தான்.

ஆனால் இந்தக் கணக்கு வாசலைத் தாண்டும் நிமிடத்துக்கு மட்டுமே பொருந்தும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த 855 வண்டிகளில் எதிலாவது ஏதாவது ஒன்று தளர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று வயது வண்டியில் மெதுவாக, இருபது வயது வண்டியில் வேகமாக. கார்களுக்குப் பத்து வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் என்று வயதுக்கேற்ற வேறுபாடு உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வயதானாலும் இருபது வயதானாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான். எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதும் கணக்கில் இல்லை. ஞாயிறு காலையில் மட்டும் காப்பி குடிக்கப் போகும் வண்டியும், நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் அப்பாவின் வண்டியும் ஒரே வரிசையில். மார்ச் 29க்கும் மே 15க்கும் நடுவில் எங்கள் வண்டி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

பழைய வண்டிகளை அரசாங்கம் கவனிக்கவில்லை என்று இதற்குப் பொருளல்ல. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் பொதுவாக 2028 ஜூன் 30க்குப் பிறகு நம் சாலைகளில் ஓட முடியாது. அந்தக் கோட்டுக்கு இரண்டு ஆண்டு இந்தப் பக்கம் எங்கள் வண்டி தப்பியது. ஆனால் அந்த விதி காற்றுத் தூய்மைக்காக வந்தது. பிரேக் பசைக்கு யாரும் ஆண்டு குறிக்கவில்லை.

பிரிட்டனில் ஒரு வழக்கம் உண்டு, எனக்கு அது பிடித்திருக்கிறது. அங்கே இந்தப் பரிசோதனை 1960இல் தொடங்கியது. முதலில் பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும், 1967 முதல் மூன்று வயதைத் தாண்டியவற்றுக்கு. தேறிய வண்டிக்கும் அவர்கள் சில வரிகள் எழுதிக் கொடுப்பார்கள்: பின் டயர் தேய்ந்துகொண்டிருக்கிறது, செயின் தளர்கிறது, கவனியுங்கள் என்பதுபோல. ஒரு வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்தால் அதன் பழைய முடிவுகளையும் இந்த வரிகளையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். அங்கேயும் எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்ப்பதில்லை. சான்றிதழ் காலாவதியாகும்வரை வண்டி நன்றாக இருக்கும் என்று அதற்குப் பொருளில்லை என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நாற்பது வயதைத் தாண்டிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே பரிசோதனையே கட்டாயமில்லை. அவ்வளவு பழைய வண்டியை வைத்திருப்பவர் அதைக் குழந்தைபோல் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை.

ஜோகூரில் இருக்கும் என் பெரியம்மா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுப் பரிசோதனை கிடையாது. அவனும் ஒரு பழைய கப்சாய் வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதோறும் செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறான். “எனக்கு யாரும் தாள் கொடுக்கல. அதனால நானே பார்க்கிறேன்” என்றான். அவனைப்போல் எல்லாரும் செய்வதில்லை என்பது அவனுக்கும் தெரியும். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதற்குப் பரிசோதனை இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவ்வளவு பேர் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனாலும் பரிசோதனை இல்லாத ஊரில் இருக்க எனக்கு விருப்பமில்லை. அவனுடைய ஞாயிற்றுக்கிழமையை மட்டும் இங்கே கொண்டுவர விருப்பம்.

ஞாயிறு காலை பத்து நிமிடம்

எனவே எங்கள் வீட்டிலும் ஞாயிறு வந்துவிட்டது. நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவேன். உரசல் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறதா, ஏதாவது தட்டுகிறதா என்று பார்ப்பேன். செயினை நடுவில் விரலால் தூக்கினால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் அங்கிளிடம் போக வேண்டும். முன் பிரேக்கின் எண்ணெய், கைப்பிடியருகே உள்ள சிறிய கண்ணாடி வழியே தெரியும். அது தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த எண்ணெயை அப்பா எப்போது மாற்றினார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகமே சொல்லிவிட்டது.

முதல் ஞாயிறன்று கண்டுபிடித்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. பின் டயர் ஓராண்டுக்கு முன் செய்தது. முன் டயரில் 1417 என்று இருந்தது. அதாவது 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். எட்டு வயது டயர். பின் டயர் சீக்கிரம் தேய்வதால் அதை அடிக்கடி மாற்றுகிறோம்; முன் டயரில் பள்ளங்கள் நன்றாக இருந்ததால் யாரும் தொடவில்லை. பரிசோதனைத் தாளும் ஆண்டுதோறும் சரி என்றே சொன்னது. பள்ளத்தின் ஆழம் சரிதான். ஆனால் ரப்பர் இறுகி, பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கே போகும். மழை நாளில் அந்தப் பாரத்தை இந்த ரப்பர்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

அன்றே மாற்றினோம். டயருக்கும் ஒரு ஜோடி பிரேக் ஷூவுக்கும் ஆன செலவு, வண்டியின் உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்க அப்பா கட்டிய பணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. நம் ஊரில் கப்சாயைவிட அந்தச் சான்றிதழ்தான் விலை அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு பணம் கட்டிய பிறகு வண்டி நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் நம்பிவிடுகிறதோ என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

டிரம்மை மட்டும் என்னால் ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும்படி அங்கிளிடம் சொல்லியிருக்கிறோம். நவம்பரில் திறந்தார். ஷூவின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தார். பட்டை அசையவில்லை. என்னையும் நெம்பிப் பார்க்கச் சொன்னார்.

பல்கலைக்கழகத்துக்கு நான் இப்போது வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டியில்தான் போகிறேன். அந்த நாள்களில் அப்பா நிறுவனப் பேருந்தில் போய்விடுகிறார். அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. இரவு ஒன்பதைத் தாண்டினால் தொலைபேசி அடிக்கும்.

அடுத்த மாதம் மறுபடியும் பரிசோதனை, 19ஆவது. சென்ற வாரம் அப்பா பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தபோது, 2025ஆம் ஆண்டுத் தாளின் பின்புறத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்தார்: மே 15, பின் பிரேக். மே 18, முன் டயர் மாற்றம். ஜூன், பிரேக் எண்ணெய். நவம்பர், டிரம் திறந்தது, பட்டை சரி. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“இந்த வருஷம் நீயே கொண்டுபோம்மா” என்றார். “வரிசையில நிக்கும்போது எஞ்சினை அணைச்சிடாதே.”